கூடத்தில் போட்ட இலை

பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வரும். ஒரு பெரிய வீட்டின் கூடம், இரண்டு தூண்களுக்கு நடுவே தலைவாழை இலை, அதன் முன்னால் நரைத்த தலையுடன் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான பெண். வலது கை சோற்றுக்கு மேலே வந்து நிற்கிறது. இறங்கவில்லை. கண் கலங்குகிறது. சுற்றி நிற்கும் குடும்பம் புன்னகைக்க, வயலின் தொடங்குகிறது. அந்தக் கை என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. படம் பார்க்கிற எல்லோரும் அது நன்றியில் நின்ற கை என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அத்தை போன வருடம் இறந்துபோனார். அந்தக் கை ஏன் நின்றது என்று தெரிந்தவர்கள் இப்போது ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதனால் எழுதுகிறேன்.

அத்தை கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டிப் போனால் எங்கள் ஊர். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவே ஏரிக் கால்வாய். காலனியில் பாதி வீடுகள் கிறிஸ்தவம், பாதி இந்து. எங்கள் குடும்பத்திலேயே அப்பா அம்மன் கோயிலுக்குப் போவார், அத்தை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, செவிலியர் பயிற்சி முடித்து, கடைசியில் சொந்த ஊர் துணை சுகாதார நிலையத்துக்கே மாற்றலாகி வந்தார். ஊரும் காலனியும் அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராத வீட்டு வாசலில் நின்று அவர் போடுகிற சத்தம் கால்வாய் தாண்டிக் கேட்கும்.

அவருடைய அம்மாவும் பிரசவம் பார்த்தவர்தான். எனக்கு ஆயா, ஆனால் நான் பார்த்ததில்லை. படிக்காதவர், சம்பளம் இல்லாதவர். ஊரில் பெரிய வீடு என்றால் ஒரே வீடுதான். அந்த வீட்டில் யாருக்கு வலி கண்டாலும் ஆயாவுக்கு ஆள் வரும். ஆயா கொல்லைக் கதவு வழியாக உள்ளே போவார். தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி அந்த வீட்டுக்கு மூத்தவரான பெரியம்மாவின் கையில் கொடுப்பார். அதுவரை யாருக்கும் தீட்டு கிடையாது. கொடுத்துவிட்டு அவர் வந்த வழியே வெளியே நடக்க, பின்னாலேயே ஒருத்தி சாணித் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டு வருவாள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் போய் ஆயா முந்தானையை விரித்து நிற்பார். பெரியம்மா முறத்தைத் தூக்கிப் பிடித்து நெல்லைக் கொட்டுவார். சிறுமியாக இருந்த அத்தை வேலி ஓரத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறார்.

வேலைக்கு வந்த புதிதில் அதே வீட்டுக்கு ஒரு கர்ப்பிணியைப் பார்க்க அத்தை போனபோது, அதே பெரியம்மா வயதாகி வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பின்பக்கமாக வரச் சொன்னாராம். “டாக்டரம்மா வந்தா எந்தப் பக்கம் வருவாங்களோ அந்தப் பக்கந்தான் நானும் வருவேன். இல்லனா உங்க மருமகள சென்டருக்கு இட்டுகினு வாங்க,” என்று சொல்லிவிட்டு அத்தை திரும்பி நடந்திருக்கிறார். தெரு முனை திரும்புவதற்குள் ஆள் ஓடிவந்து கூப்பிட்டது. அன்றிலிருந்து முன்வாசல்தான். இதை ஒரு வெற்றிக் கதையாக அத்தை எங்களிடம் சொன்னதில்லை. அலுவலக விஷயம் பேசுகிற மாதிரிதான் சொல்வார்.

படக்குழு வந்தது அவர் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து. சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் ஒரு கூட்டுக் குடும்பம், மூன்று தலைமுறை, பாகப்பிரிவினை, பிறகு எல்லாரும் ஒன்று சேர்வது. அதற்குப் பழைய வீடு தேடி வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைப் பிடித்தார்கள். பெரியம்மா காலமாகிப் பல காலம் ஆகியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய பேரனின் மனைவி, இப்போதைய பெரிய வீட்டு மருமகள். அரக்கோணம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒரு மழைக்காலத்தில் செய்யாற்றில் தண்ணீர் வந்து வண்டி எதுவும் போக முடியாதபோது, அவருடைய முதல் பிள்ளையை அந்த வீட்டிலேயே பிரசவம் பார்த்து எடுத்தவர் அத்தை. அதிலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம்.

நடிகர்களைத் தேர்வு செய்ய வந்த பெண் அத்தையை ரேஷன் கடை வரிசையில் பார்த்தாள். யாரையோ திட்டிக்கொண்டிருந்தாராம். “உங்க முகத்துல வாழ்ந்த களை இருக்கும்மா,” என்றாள் அந்தப் பெண். “வாழாம பின்ன இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?” என்று அத்தை கேட்டார். மருத்துவச்சி வேடம் என்றதும் உடனே சரி என்றுவிட்டார். அம்மாவின் வேலையை நடித்துக் காட்டலாம் என்பது மட்டும்தான் அப்போது அவர் மனதில் இருந்தது. நான் காஞ்சிபுரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அவருக்குத் துணையாகப் போனேன்.

காலனியிலிருந்து பலரை வயல் வேலைக்காரர்களாக நிற்க வைக்க எடுத்திருந்தார்கள். நிஜமாகவே வயலில் வேலை செய்கிறவர்களுக்கு, வயலில் வேலை செய்கிறவர்கள் மாதிரி தெரிய வேண்டும் என்று மேக்கப்காரர் எண்ணெயில் குழைத்த கறுப்புச் சாயம் பூசினார். பெரிய வீட்டுப் பிள்ளைகளாக நடிக்கச் சென்னையிலிருந்து சிவப்பான பிள்ளைகளை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். இதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. உண்மையான பெரிய வீட்டு மருமகள் எங்கள் நிறம்தான். ஆசைப்பட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சீமந்தக் காட்சியில் உறவுக்காரப் பெண்களில் ஒருத்தியாக நிற்கிறேன் என்று வந்தார். அவர் பிறந்த வீட்டு நகைகளைப் போட்டிருந்தார். உதவி இயக்குநர் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் அவரைத் தன் வீட்டுக் கூடத்திலேயே கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டான். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஆனால் மதியத்துக்கு மேல் அந்தப் பட்டுப்புடவையைக் காணவில்லை.

காட்சியை அத்தைக்கு விளக்கியவர் டைரக்டரே. சின்ன வயது, நல்ல மனிதர். வயதானவர்களிடம் உட்கார்ந்துதான் பேசுவார்.

“குழந்தையைப் பெரியம்மா கையில குடுக்கறீங்கம்மா. அவங்க உங்க கையைப் புடிச்சு இந்தக் கூடத்துக்குக் கூட்டிட்டு வந்து, இலை போட்டு, அவங்களே பரிமாறுவாங்க. குடும்பமே சுத்தி நிக்கும்.”

அத்தை சுற்றிலும் பார்த்தார். “எந்த வூட்ல?”

“இந்த வீட்லதான்மா.”

“இந்த வூட்லயா!” அத்தை சிரித்துவிட்டார். பிறகு கொல்லைப் பக்கம் கையைக் காட்டி, முறத்தையும் முந்தானையையும் சாணித் தண்ணீரையும் சொன்னார். டைரக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்குப் புரியுதும்மா. ஆனா இது குடும்பப் படம். எல்லாத் தரப்பு ஜனங்களும் ஒண்ணா உக்காந்து பாக்கணும், யார் மனசும் நோகக் கூடாது. அந்தக் காலத்துலயும் நல்லவங்க இருந்திருப்பாங்க இல்லையா? அவங்களக் காட்டுவோமே.”

“இருந்தாங்க தம்பி. இந்த வூட்டுப் பெரியம்மாவே நல்லவங்கதான். மத்தவங்க ஒரு மொறம் போட்டா இவங்க ரெண்டு மொறம் போடுவாங்க. ஆனா கல்லுக்கு அந்தாண்ட நிக்க வெச்சித்தான் போட்டாங்க.”

டைரக்டர் நாளைக்குப் பேசலாம் என்று எழுந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் பெரிய வாக்குவாதம். அத்தை மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் முடிந்து வந்தவனிடம் அத்தை, “நாளைக்கி நான் போவல,” என்றார். காரணம் கேட்டதும் அவன் அம்மா பக்கம் நிற்பான் என்று நான் நினைத்தேன். அவன் வேறு மாதிரி பேசினான்.

“எந்தப் படத்த எடுத்துக்கினாலும் நம்ம ஆளுங்க குனிஞ்சிகினு, அடி வாங்கிகினு, அழுதுகினுதான் நிக்கறாங்க. அதப் பாத்துப் பாத்தே எனுக்கு பேஜாராப் போச்சி. ஒருத்தன் கூடத்துல இலை போடறேன்றான். உக்காந்து துண்ணுட்டு வாயேன். என் புள்ள அதப் பாக்கட்டுமே.”

“நடக்காததக் காட்டி உம் புள்ளைக்கி இன்னா ஆவப் போவுது?”

“நடந்ததக் காட்டி மட்டும் இன்னா ஆச்சி? கீழதான் வெச்சிருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். அதையே எத்தினி வாட்டி நடிச்சிக் காட்டுவ?”

அத்தை பேசியபோது குரல் தணிந்திருந்தது. “நீ சொல்றதும் சரிதான் நைனா. ஆனா எங்கம்மா துண்ணாத சோத்த நான் எப்டிடா துண்றது?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இருவரில் யார் சொன்னது சரி என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அவனுடைய கோபமும் அத்தையுடைய கோபமும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி எதிரெதிராகப் போனவை என்று மட்டும் தெரிகிறது.

மறுநாள் காலையில் பெரிய வீட்டு மருமகள் காலனிக்கே நடந்து வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. முகத்தில் பயம் தெரிந்தது. “நர்ஸம்மா, நெசமாவே எங்க வூட்ல அப்டியா நடந்துது?” என்று கேட்டார்.

“உங்க வூட்ல மட்டும் இல்லம்மா. எல்லா வூட்லயும்.”

“எனுக்கு யாரும் சொன்னதே இல்ல.” கொஞ்சம் தயங்கி, “அத அப்டியே படத்துல காட்டினா எங்க பெரிய மாமியாரக் கெட்டவங்கன்னு நெனச்சிடுவாங்களே. சொந்தக்காரங்க எங்கள சும்மா வுட மாட்டாங்க,” என்றார்.

“அவங்களக் கெட்டவங்கன்னு நான் சொன்னனா?” என்றார் அத்தை. பிறகு அவரை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு அந்த அம்மா போனதும், சேலையை மாற்றிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார். என்ன முடிவு செய்தார் என்று வழியில் எனக்குச் சொல்லவில்லை.

டைரக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “கொழந்தையக் குடுத்துட்டு நான் கொல்லைப் பக்கமா வெளிய போய் கல்லாண்ட நின்னுக்கறேன். தானாப் போவேன், யாரும் சொல்ல வேணாம். அப்பால அந்தம்மா வந்து உள்ள கூப்டட்டும். நீங்க சொல்ற மாதிரியே உக்கார்றேன்.”

டைரக்டர் யோசித்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வழக்கத்தை உடைக்கிற பெரியம்மா இன்னும் உயர்ந்தவளாகத் தெரிவாள் என்று உதவியாளரிடம் சொன்னார். அத்தை கேட்டது அதற்காக இல்லை. அம்மா நின்ற இடம் படத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்தார்கள். அத்தை கொல்லைக் கதவைத் தாண்டி வெயிலில் இறங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே முந்தானையை விரித்தபடி கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவ்வளவு சத்தமாகப் பேசுகிற அத்தையின் தோள்கள் உள்ளே ஒடுங்கிக்கொண்டன. அவருடைய உயரம்கூடக் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண் அங்கே நின்றாள். படப்பிடிப்பில் கொல்லையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலனிப் பெண்களில் வயதான ஒருத்தி, “அய்யோ, அதே மாதிரியே கீதே,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறை ஜன்னலில் பெரிய வீட்டு மருமகளின் முகம் தெரிந்தது.

பிறகு கூடம். பெரியம்மாவாக நடித்த நடிகை கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். சோறு, சாம்பார், பொரியல், பாயசம். “உங்கள் கையால் வந்த பிள்ளை, இந்த வீட்டில் நீங்கள் சாப்பிடாமல் போகலாமா?” என்று வசனம். அத்தை சாப்பிட வேண்டும். கை போனது, நின்றது. டைரக்டர் கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பின்பு இரண்டு கைகளாலும் இலையின் ஓரங்களைத் தூக்கி, சோற்றை உள்ளே வைத்து மடித்து, மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கட் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் மடித்தீர்கள் என்று டைரக்டர் கேட்டதற்கு அத்தை, “எங்கம்மா எந்த வூட்லயும் துண்ணாது தம்பி. யாராவது சோறு குடுத்தா மடிச்சி எனுக்கு எடுத்தாந்துடும்,” என்றார். டைரக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொய்யில்லை.

படம் வந்தபோது காஞ்சிபுரம் தியேட்டருக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். பெரிய வீட்டு மருமகளும் எங்களோடு வந்தார். அந்தக் காட்சி வந்தது. அத்தை பிள்ளையைக் கொடுக்கிறார். அடுத்த நொடியே கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கொல்லை இல்லை. வெயில் இல்லை. கல் இல்லை. கை சோற்றுக்கு மேலே நிற்கிறது, கண் கலங்குகிறது, வயலின் வருகிறது, உடனே தொட்டிலில் குழந்தை. இலையை மடித்ததும் இல்லை. படத்தின் நீளம் கருதி எடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். காரணமும் விளைவும் போய், நடுவில் தயக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. தியேட்டரில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பக்கத்தில் அத்தை மகன் தன் பிள்ளையை மடியில் நிற்க வைத்து, “ஆயா பாரு, ஆயா பாரு,” என்று காட்டிக்கொண்டிருந்தான். குழந்தை கைதட்டியது. அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் விளக்கு போட்டபோது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

வெளியே வந்ததும் பெரிய வீட்டு மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். “நர்ஸம்மா, அந்தக் கல்லாண்ட நின்னத எடுத்துட்டாங்களே,” என்றார். அதைக் காட்டிவிடுவார்களோ என்று பயந்து காலனிக்கு நடந்து வந்தவர் அவர்தான். அத்தை அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இருவரும் வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பெரியம்மாவாக நடித்த அந்த நடிகையின் மூக்குத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததாக ஞாபகம்.

படம் நன்றாக ஓடியது. எல்லாச் சாதியும் ஒரே குடும்பமாக வாழ்ந்த அந்த நாட்களைக் கண்முன் நிறுத்திய படம் என்று ஒரு பக்கம் புகழ்ந்தார்கள். இன்னொரு பக்கம், இணையத்தில், அத்தை இலை முன்னால் கலங்கி உட்கார்ந்திருக்கிற அதே காட்சியைப் போட்டு, ஒரு வேளைச் சோற்றுக்கு எங்கள் கிழவிகள் இப்படி உருகியதாகக் காட்டுவது அயோக்கியத்தனம் என்று சில இளைஞர்கள் எழுதினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நடந்ததை எழுதிப் பதில் போடவா என்று அத்தையிடம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். “அவனுங்க எழுதினது சரிதானே. படத்துல அப்டித்தானே கீது,” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைத் தேடி அழைப்புகள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி வேடங்கள். மாட்டுத் தொழுவம் கூட்டுகிறவள், மகனைப் பறிகொடுத்து மார்பில் அடித்துக்கொள்கிறவள், குடிசை எரியும்போது ஓடுகிறவள். அத்தை எதற்கும் போகவில்லை. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு தயாரிப்பு மேலாளர் பேசினார். அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டிருந்ததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “இன்னா வேஷம் தம்பி?” என்று கேட்டார்.

“வீட்டு வேலைக்காரம்மா. பெரிய ஹீரோ படம்மா. கதை ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிக்குது.”

“ஆஸ்பத்திரின்னா நர்ஸு இருக்குமே. அதுல எனுக்கு ஒண்ணு குடேன். நான் நெஜமாவே நர்ஸு.”

“இருக்கும்மா, ஹெட் நர்ஸ் ரோல் ஒண்ணு. ஆனா அதுக்கு வேற ஆள் பாக்கறோம்.” கொஞ்சம் இழுத்தார். “தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க முகத்துக்கு நர்ஸ் செட் ஆகாதும்மா.”

நான் போனைப் பிடுங்கப் போனேன். அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “அப்டியா தம்பி?” என்றார். “எங்க பக்கத்துல பாதிப் பேரு கண்ணத் தொறந்து மொத மொதல்ல பாத்ததே இந்த மூஞ்சியத்தாம்பா.”

அத்தை போனை அணைத்துவிட்டு, அடுத்த கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தார்.